ஜாக்கெட்டுப் போட்ட வண்டு

மழைக்காலத்தில் குழல்விளக்கைச் சுற்றும் பூச்சிகளில் ஒன்று எப்போதாவது உங்கள் கழுத்தில் விழுந்திருக்கும். எறும்பு என்று நினைத்து நசுக்கியிருப்பீர்கள். மறுநாள் அந்த இடம் சிவந்து, சுடுதண்ணீர் பட்டதுபோலக் கொப்பளித்திருக்கும். வீட்டில் ஒருவர் பல்லி என்பார், ஒருவர் சிலந்தி என்பார். இரண்டும் அல்ல, அது ஒரு வண்டு. இதை நான் என் நாற்பத்தெட்டாவது வயதில் என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த வண்டுக் குடும்பத்தில் கொப்பளம் போடுவது ஏதோ சில வகைகள்தானாம். மற்றவை யார் வம்புக்கும் போகாமல் சருகுக்குள் ஓடிக்கொண்டிருப்பவை. "நீங்க நசுக்காம விட்டிருந்தா அதுவும் உங்கள ஒண்ணும் செஞ்சிருக்காதுப்பா" என்றாள். கழுத்தில் கொப்பளத்தோடு அமர்ந்திருந்த எனக்கு அப்போது அந்த நியாயம் ஏறவில்லை.

நான் போடியில் ஓர் ஏலக்காய்க் குடோனில் கணக்கு எழுதும் ரைட்டர். மலையிலிருந்து வரும் காயை இறக்கி, சலித்து, பொறுக்கி, சாம்பிள் எடுத்து ஏலத்துக்கு அனுப்பும் இடம். எனக்கு வரலாற்றில் ஒரு பட்டம் உண்டு. அதைக் குடோனில் யாரும் கேட்டதில்லை. என் மகள் ஒரே பிள்ளை. மதுரையில் விலங்கியல் முடித்துவிட்டு, அங்கேயே ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். விலங்கியல் என்றதும் நான் தவளையோடு நின்றுவிடும் என்று நம்பினேன். அவள் எடுத்துக்கொண்டது ஏலத்தோட்டத்துச் சருகுக்குள் வாழும் இந்த வண்டுகளை. அதுவும் போடிமெட்டுக்கு மேலே, எங்கள் முதலாளியின் தோட்டத்தில்.

பயப்படுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. ஜீப் கவிழும், அட்டை கடிக்கும், பாம்பு இருக்கும், யானை வரும், யானை வராவிட்டால் மழை வரும், மழையில் மண் சரிந்து ஜீப் நின்றுவிடும், நின்ற ஜீப்பின் மேல் யானை வரும். இவ்வளவையும் வரிசையாகச் சொல்லி, "அதனால நானும் வர்றேன்" என்று முடித்தேன். அந்த இரண்டு வருடங்களில் எனக்குக் கிடைத்த விடுப்பு நாட்களெல்லாம் கொண்டைஊசி வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு கழிந்தன. ஒரு ஜீப்பில் பதினாறு பேர். தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் கம்பியைப் பிடித்த பிடியை விடாமல், என் மகள் கம்பியைப் பிடித்திருக்கிறாளா என்று அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் பிடித்திருக்க மாட்டாள். அவள் கையில் சல்லடை இருக்கும்.

அந்தச் சல்லடை எங்கள் குடோனுடையது. எட்டு மில்லிமீட்டர் துளை. பருவெட்டான முதல்தரக் காய் அதில் மேலே நிற்கும், மற்றதெல்லாம் கீழே விழும். என் மகள் அதில் சருகை அள்ளிப் போட்டுச் சலிப்பாள். கீழே என் வெள்ளை வேட்டி விரித்திருக்கும். வேட்டியில் விழுந்து ஓடுகிற எதையும் ஒரு ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் இழுப்பாள். முதல் நாள் இதைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. குழாயின் நடுவில் துணி வைத்துக் கட்டியிருப்பதாகவும், பூச்சி வாய்க்கு வராது என்றும் விளக்கினாள். துணி கிழிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "முழுங்கிருவேன்" என்றாள். பக்கத்தில் கவாத்து செய்துகொண்டிருந்த ஓர் அம்மாள், வெகுநாளாகக் கேரளப் பக்கத்து மலையிலேயே இருப்பவர், கத்தியை நிறுத்திவிட்டு, "எந்தா மோளே, வயித்துக்கு வேற ஒண்ணும் கிடைக்கலியா" என்று கேட்டார்.

திரும்பும்போது இரண்டு சாக்கு நிறையச் சருகு கீழே கொண்டுவருவோம். போடிமெட்டில் இருந்த சோதனைச்சாவடியில் முதல் தடவை எங்களை இறக்கிவிட்டார்கள். ஏலத்தோட்டத்திலிருந்து வரும் மூட்டையில் ஏலக்காய் இல்லை, சருகுதான் இருக்கிறது என்று ஒரு குடோன் ரைட்டர் சொன்னால் எந்தக் காவலர் நம்புவார்? அவர் முழங்கைவரை சாக்குக்குள் விட்டுத் துழாவினார். கையை வெளியே எடுத்தபோது அதில் ஒரு பூரான் இருந்தது. அதன்பிறகு எங்கள் ஜீப் வளைவில் திரும்பும்போதே அவர் தடுப்புக்கட்டையைத் தூக்கிவிடுவார்.

இப்படிச் சலித்ததில் ஒருநாள் நான்கு வண்டுகள் கிடைத்தன. நீளம் நான்கு மில்லிமீட்டர். நானாக இருந்தால் மற்ற நூறு பூச்சிகளிலிருந்து அவற்றைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டேன். அவள் நுண்நோக்கியில் பார்த்துவிட்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. புத்தகங்களில் இருக்கும் எதனோடும் இது ஒத்துப்போகவில்லை என்றாள். உலகத்தில் இதுவரை யாரும் எழுதாத வண்டாக இருக்கலாமாம். நான்கில் மூன்று பெண். ஒன்றுதான் ஆண்.

ஆண் ஏன் அத்தனை முக்கியம் என்று என் மனைவி கேட்டாள். இந்த வண்டுகளில் பல வகைகள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆணின் உறுப்பின் வடிவத்தை வைத்துத்தான் இது இன்ன வகை என்று அறுதியிட முடியும் என்று என் மகள், சாம்பாரில் உப்புக் குறைகிறது என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள். நான் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டேன். அதோடு விடாமல், அந்த உறுப்பைத் தனியே பிரித்து ஒரு சொட்டுப் பசையில் அதே அட்டையில் வண்டின் பக்கத்தில் ஒட்டியிருப்பதாகவும், நான் வந்து பார்க்கலாம் என்றும் கூப்பிட்டாள். எனக்கு அவசரமாகக் குடோனுக்குப் போகவேண்டியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை.

பிற்பாடு பார்த்தேன். நெல்மணி அளவுக்கு ஒரு முக்கோண அட்டை. அதன் நுனியில் வண்டு. அட்டையின் வழியாக ஒரு நீள ஊசி. ஊசியில் அட்டைக்குக் கீழே இரண்டு துண்டுச் சீட்டுகள். அவற்றில் ஊர், மலையின் உயரம், தேதி, 'சருகு சலித்தது', 'ஆண்' என்று கடுகுக்கும் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். புது வகை என்று ஒன்றை உலகுக்குச் சொல்லும்போது, எந்த ஒரு பூச்சியைப் பார்த்து வர்ணனை எழுதப்பட்டதோ அந்த ஒரு பூச்சிதான் காலத்துக்கும் சாட்சியாம். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதை எடுத்துத்தான் பார்ப்பார்களாம். அதாவது, அவளுடைய ஆராய்ச்சி முழுக்க அந்த அட்டை நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு இன்னோர் ஆண் கிடைக்கவே இல்லை. ஒன்றரை வருடம் தேடினாள். பெண் வண்டு நான்கைந்து கிடைத்தது. வாசலில் நின்றபடி, "ஒரே ஒரு ஆம்பளதான் கிடைச்சிருக்குப்பா, இன்னொண்ணு மாட்டாதா" என்று அவள் புலம்பியதைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிட்டார் என்று என் மனைவி அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அந்த ஐப்பசியில் பேராசிரியருக்கு வெளிநாட்டுப் பயணம் அமைந்தது. அங்கே ஒரு பழைய அருங்காட்சியகத்தில் இந்த வண்டுக்கு நெருங்கிய உறவுகள் ஊசியில் இருக்கின்றன. அவற்றோடு வைத்துப் பார்த்துவிட்டால் புதிது என்று உறுதியாகிவிடும். சனிக்கிழமை காலை அவர் மதுரையிலிருந்து கிளம்புகிறார். வெள்ளி மாலை ரயிலில் என் மகள் வண்டைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை மலையில் தேடிப் பார்க்கிறேன் என்று ஒரு தோழியோடு புதன்கிழமை கிளம்பினாள். குடோனில் ஏலத்துக்கான லாட்டுகள் தயாராகும் வாரம் அது. என்னால் போக முடியவில்லை. மழையில் ஜீப் குலுக்கலில் அந்த டப்பாவைக் கொண்டுபோக முடியாது என்று அதை என் கையில் கொடுத்தாள். உள்ளே தெர்மக்கோல் பதித்த, மூக்குப்பொடி டப்பா அளவு பிளாஸ்டிக் டப்பா. "ஈரம் மட்டும் படாமப் பாத்துக்கங்கப்பா" என்றாள். அது போதும். நான் அதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். அங்கேதான் கெட்டது.

மூன்று நாளாக மழை. வீட்டுச் சுவரில் பாசி. தீப்பெட்டி பற்றவில்லை. பீரோவில் வைத்த டப்பாவை மணிக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்தேன். மாலையில் தெர்மக்கோலின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதுபோல் தோன்றியது. பூஞ்சணம். அது வண்டின் மேல் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பிறகு ஓர் ஏலக்காய்க்காரனாகவும் யோசித்தேன்.

எங்கள் ஊரில் ஈரம் படக்கூடாத பொருள் என்றால் அதற்கு ஓர் இடம் உண்டு. நன்றாகக் காய்ந்த ஏலக்காய், பாலிதீன் உறையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, சாக்குக்குள் இருக்கும். உள்ளே காற்றுப் போகாது. இம்மியளவு ஈரம் இருந்தாலும் காய் அதை உறிஞ்சிக்கொள்ளும். பத்திரம், பட்டுப்புடவை எல்லாம் மழைக்காலத்தில் அதற்குள் போகும். எங்கள் முதலாளி மகளின் ஜாதகம் மூன்று மழைக்காலம் எட்டு மில்லி மூட்டைக்குள்தான் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை மோந்து பார்த்துவிட்டுத்தான் படித்தார்கள்.

எனவே புதன் மாலை டப்பாவைக் குடோனுக்குக் கொண்டுபோனேன். அடுத்த வார ஏலத்துக்காக ஓரமாக ஒதுக்கிய மூட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கட்டை அவிழ்த்து, காய்க்குள் ஒரு முழம் ஆழத்தில் டப்பாவைப் புதைத்து, மறுபடி கட்டி, சாக்கில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம் போட்டேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். நான் நிம்மதியாகத் தூங்கினால் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று என் மனைவி இப்போதும் சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குடோனுக்குப் போனேன். காய் பொறுக்கும் பெண்கள் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எட்டுப் பேர் வட்டமாக, நடுவில் பச்சைக் குவியல். சுவரோரம் ஒரு காலிச் சாக்கு கிடந்தது. அதில் சுண்ணாம்பு வட்டம்.

அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அக்கா உண்டு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஓட்டை விழுந்த காயை அவர் கையே கண்டுபிடித்துவிடும், கண் சும்மா கூடப் போகும். முதலாளி முந்தின நாள் மாலை வந்து, சாம்பிளில் வெடித்த காய் கலந்திருக்கிறது, அந்த லாட்டை மறுபடி பொறுக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். அக்கா இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் தம்பி, மயக்கமா வருதா?"

"மூட்டைக்குள்ள ஒரு டப்பா இருந்துச்சுக்கா."

"இதுவா?" என்று ஓர் இளம்பெண் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். மூடி இல்லை. தெர்மக்கோலில் ஒரு துளை மட்டும் இருந்தது. "பொடி டப்பான்னு நெனச்சேண்ணே. பொடி இல்லன்னதும் கடாசிட்டேன்."

"அதுக்குள்ள இருந்ததுதான் வேணும்."

"என்ன இருந்துச்சு?"

"பூச்சி."

எட்டுப் பேரும் கையை நிறுத்தினார்கள். அவர்கள் வாழ்நாளெல்லாம் ஏலக்காயிலிருந்து பூச்சியை வெளியே எறிந்தவர்கள். ரைட்டரே பூச்சியைக் கொண்டுவந்து உள்ளே வைத்திருக்கிறார் என்பது அவர்களுக்குச் சற்று நேரம் பிடிபடவில்லை. நான் என் மகளின் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். மாலை ரயிலைப் பற்றிச் சொன்னேன். அந்த ஒன்று போனால் இரண்டு வருட உழைப்பும் போய்விடும் என்றும் சொன்னேன். அக்கா சுளகைக் கீழே வைத்தார்.

"சரி, எப்படி இருக்கும்னு சொல்லுங்க. தேடுவோம்."

சொல்வது எத்தனை கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. என் மகள் அந்த வண்டைப் பற்றி பதினோரு பக்கம் எழுதியிருந்தாள். எனக்கு ஒரு வரி வரவில்லை.

"எறும்பு மாதிரி இருக்கும்க்கா. ஆனா எறும்பு இல்ல, வண்டு."

"வண்டுன்னா மேல ஓடு இருக்கணும்ல?"

"இருக்கு. பாதிதான். நெஞ்சுக்குக் கீழ கொஞ்ச தூரம் வரைக்கும். அதுக்குக் கீழ வயிறு அப்படியே தெரியும்."

"ஜாக்கெட்டு மட்டும் போட்ட மாதிரியா?"

"அப்படித்தான்."

இளம்பெண்கள் சுளகால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"உசுரோட இருக்கா?"

"செத்து ஒன்றரை வருசமாச்சு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பள."

"அதான் சொல்லாமக் கொள்ளாமப் போயிருச்சு" என்றாள் டப்பாவைக் கடாசியவள். இந்தத் தடவை அக்காவும் சிரித்துவிட்டார்.

முதலில் கிடைத்தது ஊசி. தேடவே வேண்டியிருக்கவில்லை. கடைசியில் அமர்ந்திருந்த பெண், காயில் ஒரு நல்ல ஊசி கிடந்தது என்று எடுத்துத் தன் முந்தானையைத் தோளில் குத்தியிருந்தார். ஊசியில் சீட்டுகள் இரண்டும் அப்படியே இருந்தன. அவர் தோளில் என் மகளின் கையெழுத்தில் ஊர், உயரம், தேதி எல்லாம் எழுதியிருந்தது. 'ஆண்' என்றும் இருந்தது. நான் குனிந்து படித்ததைப் பார்த்து அவர் நாலடி தள்ளிப் போனார். பிறகு விஷயம் புரிந்து கழற்றிக் கொடுத்தார். ஆனால் சீட்டுகளுக்கு மேலே இருக்கவேண்டிய முக்கோண அட்டை இல்லை.

"அம்புட்டுச் சின்ன அட்டைன்னா சல்லடையில கீழ எறங்கியிருக்கும்" என்றார் அக்கா. சல்லடைக்குக் கீழே விழும் தூசியும் தோலும் உடைந்த ஏலரிசியும் எங்கே என்று பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தத் தூசியை வாங்கிப்போக எதிர்த்த டீக்கடைக்காரர் தினமும் எட்டரை மணிக்குத் தகர டின்னோடு வருவார். டீயில் போடுவதற்கு.

நான் தெருவைக் கடந்தது எப்படி என்று தெரியாது. லோடு ஏற்றி வந்த ஒரு லாரி என்னைத் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது. கடையில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டின் அடுப்புப் பக்கத்தில் திறந்திருந்தது.

"இதுலேர்ந்து எடுத்தீங்களா?"

"ஒரு கரண்டி பாலுல போட்டேன். ஏன், புதுக் காயில்லையா?"

வடிகட்டும் பையைப் பிடுங்கினேன். வெந்த டீத்தூளை விரலால் கிளறினேன். சுட்டது. டீக்கடைக்காரர், ஒருவேளை முதலாளியின் மோதிரம் விழுந்திருக்கிறதோ என்று நினைத்து அவரும் கிளற ஆரம்பித்தார். என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் குடித்த டீயை மெதுவாகத் தெருவில் கொப்பளித்தார். இன்னொருவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நான் முழுசாக் குடிச்சிட்டேனே ரைட்டரே, இனி நான் என்ன செய்யணும்" என்று அமைதியாகக் கேட்டார். பையில் அட்டை இல்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினேன்.

அதற்குள் அக்கா குடோனின் மின்விசிறியை நிறுத்தி, கதவை ஒருக்களித்து, தரையில் வெள்ளைத் துணி விரித்திருந்தார். டின்னை என் கையிலிருந்து வாங்கி, ஒரு கைப்பிடி தூசியைத் துணியில் தூவினார். "யாரும் பெருமூச்சு விடக்கூடாது, முக்கியமா தம்பி நீங்க" என்றார். எனக்கு மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என்னை வாசல்படிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு கைப்பிடி பார்த்து முடித்து ஓரமாக ஒதுக்கி, அடுத்த கைப்பிடி. எட்டுப் பேரும் துணியைச் சுற்றிக் குப்புறக் கவிழ்ந்துகிடந்தார்கள். அந்தத் தூசியில் பூச்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றாக ஈர்க்கில் எடுத்து என்னிடம் காட்டினார்கள். நெல்லில் வரும் வண்டு, ஒரு பேன், எறும்புத் தலை, ஏதோ ஒன்றின் இறக்கை. "இதுக்கு ஜாக்கெட்டு முழுநீளம், இது இல்ல" என்று அவர்களே தள்ளவும் பழகிக்கொண்டார்கள்.

பதினொன்றரை இருக்கும். அக்கா ஈர்க்கின் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, துணியில் வைத்து எடுத்தார்.

"இந்தா இருக்கான் ஒங்க மாப்ள."

முதலாளி மேசையில் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். முக்கோண அட்டை. பசைச்சொட்டு இருந்தது, உள்ளே அந்த முக்கியமான உறுப்பும் இருந்தது. அதைப் பார்த்து நான் அவ்வளவு ஆறுதல் அடைவேன் என்று கனவிலும் எண்ணியதில்லை. வண்டும் இருந்தது. கால் ஆறு. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். வலது மீசை நீளமாக இருந்தது. இடது மீசை கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது.

அந்த மிச்சத்தையும் தேடச் சொல்லிக் கெஞ்சினேன். இன்னும் ஒரு மணி நேரம் தேடினார்கள். கடைசியில் அக்கா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அது முடியில கால்வாசி இருக்கும். காயப் பொறுக்கச் சொல்லுங்க, பொறுக்குறேன். இத நான் எங்கன போய்ப் பொறுக்க?" என்றார்.

மூன்று மணிக்கு என் மகள் வந்தாள். உடம்பெல்லாம் சேறு. ஆண் கிடைக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று மதியத்திலிருந்து மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். முதலில் மழையைப் பற்றி, பிறகு பூஞ்சணத்தைப் பற்றி, பிறகு மெதுவாக விஷயத்துக்கு. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் என் மனைவி, "ஒங்கப்பா அந்தப் பூச்சிய ஏலக்கா மூட்டையில போட்டுட்டாரு. தேடி எடுத்தாச்சு. ஒரு மீச இல்ல" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

அவள் மேசைக்குப் போய், விளக்கைப் போட்டு, டப்பாவைத் திறந்தாள். இடுக்கியை எடுத்தாள். எடுத்த கை நடுங்கியது. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு, நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்தாள். மலையில் ஜீப் சறுக்கியபோதும், காலில் பதினேழு அட்டைகளைப் பிடுங்கியபோதும் நடுங்காத கை. யானையையும் மண்சரிவையும் பற்றி அத்தனை கவலைப்பட்டவன், அவளுக்கு வரக்கூடிய ஆபத்து நானாக இருக்கலாம் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதும் அந்தக் கைகள் மேசைமேல் இருப்பது திடீரென்று கண்ணுக்குத் தெரிந்தால், எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை வைத்துவிடுகிறேன்.

பிறகு அட்டையை ஊசியில் ஏற்றி ஒட்டினாள். லென்ஸில் வெகுநேரம் பார்த்தாள். நோட்டில் ஏதோ எழுதினாள். "ஏலக்கா வாசம் அடிக்குது" என்றாள். திட்டுவாள் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் குளிக்கப் போய்விட்டாள்.

ரயிலடிக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். டப்பாவை அவளே வைத்திருந்தாள். நான் கேட்கவும் இல்லை. ரயில் கிளம்பும் நேரத்தில் ஜன்னலுக்கு அருகில் கூப்பிட்டாள்.

"அப்பா, இனிமே நான் எதக் குடுத்தாலும் பத்திரமா வைக்காதீங்க. சும்மா வைங்க. போதும்."

தலையாட்டினேன். பெட்டி நகர்ந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறாளா என்று பார்த்தேன். பிடித்திருந்தாள், ஒரு கையால். மறுகை டப்பாவின் மேல் இருந்தது.

வண்டு புதிதுதான் என்று உறுதியாயிற்று. அடுத்த வருடம் கட்டுரை அச்சாகி வந்தது. பெயராக அந்த மலையின் பெயரையே லத்தீனில் வளைத்து வைத்திருந்தாள். வண்டுக்குத் தங்கள் பெயரை வைக்கச் சொல்லும்படி என்னிடம் தனித்தனியாகச் சொல்லியிருந்த மூன்று பேருக்கு இதில் வருத்தம்தான். ஆனால் நன்றி சொல்லும் இடத்தில் காய் பொறுக்கும் எட்டுப் பெண்களையும் குறிப்பிட்டிருந்தாள். என்னை அங்கே காணோம். நான் வேறோர் இடத்தில் இருந்தேன். வண்டை வர்ணிக்கும் பகுதியின் முதல் பத்தியில், 'இடது உணர்கொம்பு நான்காம் கணுவுக்கு அப்பால் இல்லை' என்று அந்த மீசையைப் பற்றி ஒரு வரி. அதை விட்டுவிட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "இல்லாதத இருக்குன்னு எப்படிப்பா எழுதுறது" என்றாள். உலகத்தில் யார் எப்போது அந்த வண்டைப் பற்றிப் படித்தாலும் இந்த வரியைத் தாண்டித்தான் போகவேண்டும்.

கட்டுரையைக் குடோனுக்குக் கொண்டுபோனேன். கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் முழுக்க அவள் வரைந்த படம். நான்கு மில்லிமீட்டர் வண்டு உள்ளங்கை அளவுக்கு நின்றது. ஜாக்கெட்டு சரியாக இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அக்கா மட்டும் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு மீசையும் இருக்கே தம்பி. ஒண்ணு இல்லன்னுதான சொன்னீங்க?"

நான் விரல் வைத்துக் காட்டினேன். இடது மீசை நான்கு கணு வரைக்கும் கோடாகப் போயிருந்தது. அதற்குமேல் புள்ளி புள்ளியாக வைத்து முடித்திருந்தாள்.

"அப்ப இந்தப் புள்ளியெல்லாம்?"

"நான் தொலைச்சதுக்கா."

அவர் ஒவ்வொரு புள்ளியாக நகத்தால் தொட்டுக்கொண்டே போனார். கடைசிப் புள்ளிவரை போய்விட்டு, "கொஞ்சந்தான்" என்று சொல்லி, தாளை மடிக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.